பெயர் சொல்லிக் கூப்பிடாதே

தியாகுவின் வாய்க்கு மட்டும் விடுமுறை என்பதே கிடையாது. ஏழு வயதுப் பையன். காலையில் ஒரு கேள்வியோடு கண் விழிப்பான். ராத்திரி பாதிக் கேள்வியில் தூங்கிப்போவான். மீதிப் பாதியை மறுநாள் மறக்காமல் கேட்பான்.

அவனுடைய அக்கா சந்திரமதிக்குப் பதினொரு வயது. தம்பி என்றால் அவளுக்கு உயிர். தம்பியின் பேச்சு என்றால் அவ்வளவு உயிர் இல்லை.

மலாக்காவில், காஜா பேராங்கில் அவர்கள் வீடு இருந்தது. முன்பக்கம் அப்பா பொன்னுதுரையின் சைக்கிள் கடை, பின்பக்கம் குடித்தனம். சைக்கிள் கடைப் பிள்ளைகள் ஆயிற்றே, அவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். தெருவில் போகும் சைக்கிளைப் பார்க்காமலே, மணிச் சத்தத்தை மட்டும் கேட்டு, அது யாருடைய சைக்கிள் என்று சொல்லிவிடுவார்கள். தபால்காரருடையது ஜலதோஷம் பிடித்த மணி. மீன்காரருடையது ஓயாத மணி. சந்திரமதியின் சைக்கிள் மணியில் மூடி கொஞ்சம் நசுங்கியிருந்தது. அதனால் அது ‘கிரிங்’ என்று தொடங்கி ‘டொக்’ என்று முடியும். அப்படி ஒரு மணி ஊரிலேயே வேறு யாரிடமும் இல்லை.

தியாகுவுக்குச் சைக்கிள் இல்லை. ஆனால் மணி இருந்தது. அப்பா தூக்கிப் போட்ட ஒரு பழைய மணியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டே திரிவான். “மணி வந்துருச்சு, சைக்கிள் பின்னாடி வரும்” என்பான்.

அது 1957ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். நாடு சுதந்திரம் அடைய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. ஊரெல்லாம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடமும் விடுமுறை.

அம்மாவின் தம்பி தேவதாஸ் மாமா ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார். அவரிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. அதன் மேல் ‘காடி வராத பாதைகள்’ என்று எழுதியிருப்பார். மலாக்காவில் மோட்டார் வண்டியைத்தான் காடி என்பார்கள். லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடித்துத் துரத்தாத பாதைகளாகத் தேடிக் கண்டுபிடித்து, எத்தனை மைல், எங்கே ஏற்றம், எங்கே நல்ல தண்ணீர் என்று அந்த நோட்டில் குறித்து வைப்பார். சுதந்திர நாள் விடுமுறைக்குத் தன் சைக்கிள் நண்பர்களைக் கூட்டிப்போக ஒரு புதுப் பாதை வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவரப் பிள்ளைகளையும் அழைத்துப்போவதாகச் சொன்னார்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். லாரி வருமா?

“லாரி என்னக்கா, மாட்டுவண்டிகூட வராது” என்றார் மாமா.

“அப்படின்னா போயிட்டு வாங்க” என்றாள் அம்மா. பாவம், அவளுக்குத் தெரிந்த பயமெல்லாம் லாரி ஒன்றுதான்.

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினார்கள். மாமா, சந்திரமதி, பக்கத்து வீட்டு ஹலீமா, இவர்களோடு சந்திரமதியின் கேரியரில் தியாகு. ஹலீமாவின் அப்பாவும் மாமாவும் சிநேகிதர்கள் என்பதால் அவளுக்கும் அனுமதி கிடைத்திருந்தது. அலோர் காஜா வரை பஸ். சைக்கிள்களைப் பஸ் கூரைமேல் கட்டிப் போட்டார்கள். அங்கே இறங்கிக் கொஞ்ச தூரம் மிதித்ததும் அந்தப் பாதை வந்தது.

நேராக, மேடாக, புல் முளைத்த ஒரு பாதை. இருபுறமும் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள். முன்பு ரயில் ஓடிய பாதை அது என்று மாமா சொன்னார். ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

“பாதைய மட்டும் அவனால சுருட்டிக்கிட்டுப் போக முடியல” என்றார் மாமா. “நமக்காக விட்டுட்டுப் போயிட்டான்.”

முதல் நான்கு மைல் ஆனந்தமாகப் போனது. ஹாரன் இல்லை, புகை இல்லை. மூன்று சைக்கிளும் பக்கம் பக்கமாக ஓடின. பிறகு மாமா பழைய பாதையிலிருந்து பிரிந்து மலைப்பக்கம் ஏறும் ஒரு கிளையில் திரும்பினார். ஒரு காலத்தில் மரக்கட்டை ஏற்றிவர ரயில்காரர்கள் போட்ட கிளைப்பாதை அது. பால்மரங்கள் முடிந்து காடு தொடங்கிய இடத்தில் நான்கு மலாய்க்காரர்கள் பிரம்பு வெட்டிக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் மூத்தவர் பெயர் பாக் அவாங். மாமா அவருடன் மலாயில் பேசிவிட்டு வந்தார். மூன்று நான்கு வருடத்துக்கு முன்புவரை இந்தக் காட்டுக்குள் காலை வைக்கவே முடியாது. உள்ளே போராளிகள், வெளியே பட்டாளம், பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. இப்போது பயமில்லை, தாராளமாகப் போகலாம் என்று பாக் அவாங் சொன்னாராம். கூடவே ஒன்று சொல்லியிருந்தார்.

“காட்டுக்குள்ள யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதாம். பிரம்பு வெட்டுறவங்க யாரும் கூப்பிட மாட்டாங்களாம். அவங்க வழக்கம் அது. நாம அவங்க காட்டுக்குப் போறோம், நாமளும் மதிப்போம்” என்றார் மாமா. “பேருக்குப் பதிலா மணி அடிங்க. ஒரு தடவை அடிச்சா நான் இங்க இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு தடவைன்னா நில்லு. மூணு தடவைன்னா வா.”

தியாகு தன் மணியை எடுத்து மூன்று விதமாகவும் அடித்துப் பார்த்துக்கொண்டான். பிறகு கேள்வி தொடங்கியது.

“ஏன் மாமா பேர் சொல்லக் கூடாது?”

தெரியாது, வழக்கம் என்று சொல்லிவிட்டு மாமா ஹலீமாவோடு முன்னே போய்விட்டார். ஆக, மீதிக் கேள்விகள் எல்லாம் சந்திரமதியின் முதுகுக்கு வந்து சேர்ந்தன.

ஏன் வழக்கம்? பேர் சொன்னால் யாருக்குக் கேட்கும்? குரங்குக்குப் பேர் உண்டா? மரத்துக்கு? இந்த அட்டைக்கு?

ஏற்றமோ ஏற்றம். வெயில் கீழே விழாவிட்டாலும் புழுக்கம் தாங்கவில்லை. சந்திரமதிக்கு மூச்சு வாங்கியது. காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் போடவும் கை ஒழியவில்லை. இருபத்து மூன்றாவது கேள்வியில் அவள் பொறுமை அறுந்தது.

“ஏன்னு நான் சொல்லவா?” என்றாள் குரலைத் தாழ்த்தி. “இந்தக் காட்டுல ஒண்ணு இருக்கு. அதுக்கு உருவம் கிடையாது. குரல் மட்டும்தான். நம்ம பேரைக் கேட்டுக் கத்துக்கும். அப்புறம் அம்மா குரல்ல கூப்பிடும். மாமா குரல்ல கூப்பிடும். என் குரல்லயே கூப்பிடும். பதில் சொன்னே, முடிஞ்சது. புடிச்சிட்டுப் போயிரும்.”

தியாகு எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

“கூப்பிட்டா என்னக்கா பண்ணணும்?”

“வாயை மூடிக்கிட்டு ஒளிஞ்சுக்கணும். எவ்வளவு கூப்பிட்டாலும் வெளிய வரக் கூடாது. பேசிக்கிட்டே இருக்கிற பையனைத்தான் அதுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

அவ்வளவுதான். கேரியரில் சத்தமே இல்லை. அரை மைல் போனது, ஒரு மைல் போனது, தியாகு மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்கவில்லை. ஏழு வருடத்தில் யாராலும் முடியாததைச் செய்துவிட்டோம் என்று சந்திரமதிக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அவன் இரண்டு கையாலும் தன் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டிருப்பதை அவள் கவனிக்கத்தான் செய்தாள். பிடித்துக்கொண்டால் நல்லதுதானே, விழமாட்டான் என்று விட்டுவிட்டாள்.

மேலே போகப் போகக் காடு நெருங்கி வந்தது. மரங்களின் உச்சி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. நடுப்பகலிலேயே விளக்கு வைக்கும் நேரம்போல மங்கலாக இருந்தது. சில்வண்டுகள் காது அடைக்கும்படி கத்தும். திடீரென்று எல்லாம் ஒன்றாக நிறுத்திவிடும். அந்த நிசப்தம்தான் கத்தலைவிட மோசமாக இருந்தது.

ஓரிடத்தில் பாதை அறுந்து நின்றது. அங்கே ஒரு சின்ன இரும்புப் பாலம் இருந்திருக்கிறது. அதையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு பக்கத்துத் தூண்கள் மட்டும் பாசி படிந்து நின்றன. கீழே ஓடை. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்க முடியுமா என்று பார்க்க மாமா கீழே இறங்கினார். ஹலீமா சாப்பாட்டுப் பொட்டலங்களை எடுத்தாள்.

தியாகு வாயைத் திறக்காமல் சுண்டுவிரலைக் காட்டினான்.

“போயிட்டு வா, தூரம் போகாதே” என்றாள் சந்திரமதி. அவன் பாதை ஓரத்துப் புதர்களுக்கு அந்தப் பக்கம் போனான்.

பொட்டலங்களைப் பிரித்தாயிற்று. சாம்பலில் சுட்ட கருவாட்டு வாசனைக்குத் தியாகு எங்கிருந்தாலும் ஓடி வருவான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். வரவில்லை.

“தியாகு!” என்று கூப்பிட்டாள்.

சருகு சரசரத்தது. ஏதோ ஒன்று விரைந்து ஓடுவது போன்ற சத்தம். அது அவர்களை நோக்கி வரவில்லை. விலகிப் போனது.

“தியாகு! விளையாடாதே, வா!”

இப்போது ஒரு சத்தமும் இல்லை.

மாமா மேலே ஏறி வந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பாக் அவாங்காவது, வழக்கமாவது. கைகளை வாயருகே குவித்துக்கொண்டு, தொண்டை கிழியத் “தியாகு! தியாகு!” என்று கத்தினார். எதிர்மலை அந்தக் குரலை வாங்கி, உருமாற்றி, “யாகூ... ஆகூ...” என்று திருப்பித் தந்தது. ஹலீமா சந்திரமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கால் மணி நேரம் மூவரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். மாமா ஓடையின் இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தார். முள் கிழித்து அவர் முழங்கையில் ரத்தம். கடைசியில் தன் சைக்கிளை எடுத்தார்.

“நான் போய் பாக் அவாங்கைக் கூட்டிட்டு வர்றேன். நீங்க ரெண்டு பேரும் இந்தப் பாதைய விட்டு ஒரு அடி நகரக் கூடாது” என்றார். அவர் குரல் நடுங்கியது. மாமாவின் குரல் நடுங்கிச் சந்திரமதி அதுவரை கேட்டதில்லை. அதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகம் பயமுறுத்தியது.

மாமா போய்விட்டார். மலை உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று நின்றுபோனது. ஹலீமா வாய்க்குள்ளேயே ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

சந்திரமதி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதட்டிக் கூப்பிட்டாள், கெஞ்சிக் கூப்பிட்டாள், கருவாடு தருகிறேன் என்று கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிடக் காடு இன்னும் அமைதியானது. தொண்டை கட்டிக்கொண்டது. அப்போது தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. யாரோ வேறொருத்தி, தன்னைப்போலவே கூப்பிடுவதுபோல இருந்தது.

என் குரல்லயே கூப்பிடும்.

முதல் தடவை கூப்பிட்டபோது சருகு சரசரத்ததே! அது விலங்கு இல்லை. அது தியாகு. அவன் பெயரைக் கேட்டதும் ஓடியிருக்கிறான். எவ்வளவு கூப்பிட்டாலும் வெளியே வரக் கூடாது என்று சொன்னது யார்?

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை வாயைத் திறந்தது, கெட்டது அதன் தம்பி.

“ஹலீமா, கூப்பிடாதே. நாம கூப்பிடுறதாலதான் அவன் வரமாட்டேங்கிறான்” என்றாள். நடந்ததைச் சொன்னாள்.

ஹலீமா அவளை வெறித்துப் பார்த்தாள். “ஏன்லா அப்படிச் சொன்னே?”

“பேச்சை நிறுத்தட்டும்னு.”

ஹலீமா காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது சந்திரமதிக்கு.

மாமாவும் அந்த நான்கு பேரும் வந்து சேர்ந்தபோது இடி முழங்கத் தொடங்கியிருந்தது. வந்தவர்கள் பாராங் கத்தியோடு ஆளுக்கு ஒரு திசையில் நின்றுகொண்டு “ஊ... ஊ...” என்று கூவினார்கள். நல்ல எண்ணத்தில்தான் கூவினார்கள். ஆனால் ஒளிந்துகொண்டிருக்கும் ஏழு வயதுப் பையனுக்கு அது எப்படிக் கேட்கும்! மாமா விடாமல் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

பாக் அவாங் மேகத்தைப் பார்த்தார். மழை பிடித்தால் இந்த ஓடை ஒரு நொடியில் நிரம்பும் என்று மாமாவிடம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, பொழுதும் சாய்ந்தால் தாத்தா நடமாடும் இடம் இது என்றார். தாத்தா என்று அவர் எதைச் சொல்கிறார் என்று மலாக்காவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். காட்டில் இருப்பவர்கள் புலி என்று வாயால் சொல்லமாட்டார்கள்.

சந்திரமதி மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும். காட்டைவிட, இடியைவிட, அந்தத் தாத்தாவைவிட, இப்போது மாமாவின் முகத்தைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

“மாமா, எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க. நான்தான் பொய் சொன்னேன். பேய் நம்ம குரல்ல கூப்பிடும், பதில் சொல்லாதே, ஒளிஞ்சுக்கன்னு அவன்கிட்ட சொன்னேன். அவன் நான் சொன்னபடியே செய்யறான்.”

மாமா அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தார். பிறகு மலாயில் பாக் அவாங்கிடம் சொன்னார். பாக் அவாங் கையை உயர்த்தினார். கூவல் சட்டென்று நின்றது.

“சரி, கூப்பிடல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றார் மாமா.

“பேய் எல்லார் குரலையும் கத்துக்கும்னுதான் சொன்னேன். மணியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை.”

அவள் தன் சைக்கிளின் மணியை அடித்தாள். ஒரே ஒரு தடவை. நான் இங்கே இருக்கிறேன்.

கிரிங்... டொக்.

ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். இலை மேல் முதல் மழைத்துளி விழும் சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை.

சந்திரமதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். ஹலீமா கூடவே வந்தாள். மற்றவர்கள் அசையாமல் நின்றார்கள். இருபது அடிக்கு ஒருமுறை நின்று மணி அடித்தாள். பதில் இல்லை. மழை வலுத்தது. பாதையின் மேட்டில் சிவப்புத் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்றைக்கு ஒவ்வொரு புதரும் அவள் கண்ணுக்குப் பதுங்கியிருக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது. கண்ணீரைத் துடைக்காமலே மணி அடித்தாள்.

கிரிங்... டொக்.

டிரிங்.

இருவரும் உறைந்து நின்றார்கள். அந்தச் சத்தம் வலப்பக்கக் காட்டிலிருந்து வரவில்லை. இடப்பக்கத்திலிருந்தும் வரவில்லை. அவர்கள் காலுக்குக் கீழே, பூமிக்குள்ளேயிருந்து வந்தது.

ஹலீமா அலறப் போனவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “சந்திரா, நீ சொன்னது பொய்தானே?” என்றாள் மெதுவாக.

சந்திரமதிக்கும் ஒரு கணம் அதே சந்தேகம்தான். தான் கட்டிவிட்ட பேய் தன்னையே பிடிக்க வந்துவிட்டதோ என்று உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அந்த மணியை அவளுக்குத் தெரியும். அப்பா தூக்கிப் போட்ட மணி. உள்ளே சக்கரத்தில் ஒரு பல் குறைவு. சைக்கிள் கடைப் பிள்ளைக்கு அதில் தவறு வராது.

அவள் பாதையின் ஓரத்துக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். மேட்டுக்கு அடியில், பெரணிச் செடிகள் மறைத்த ஒரு வட்டமான ஓட்டை தெரிந்தது. மழைத் தண்ணீர் பாதையை அறுக்காமல் அடியில் போகட்டும் என்று ரயில்காரர்கள் செங்கல்லால் கட்டிய குழாய். ஒரு சிறுவன் குனிந்து நுழையலாம். இத்தனை நேரம் அவர்கள் காடெல்லாம் தேடியிருக்கிறார்கள். அவன் பாதைக்கு அடியிலேயே இருந்திருக்கிறான்.

தண்ணீர் போகக் கட்டிய குழாய். மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

ஹலீமாவிடம், ஓடிப்போய் மாமாவைக் கூட்டிவா, ஆனால் கத்தாதே என்றாள். சைக்கிளின் இருக்கைக்கு அடியில் இருந்த தோல் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். இரண்டே திருகில் மணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் சறுக்கியபடி கீழே இறங்கினாள்.

குழாய்க்குள் இருட்டு. உள்ளே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. தண்ணீர் அவன் கணுக்கால் வரை ஓடிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே கால் வைத்தாள்.

டிரிங், டிரிங்.

இரண்டு தடவை. நில்லு.

அவள் நின்றாள். தியாகு அவள் முகத்தையே பார்த்தான். குரலைக் கற்றுக்கொள்ளும் பேய் முகத்தையும் கற்றுக்கொண்டிருக்காது என்று என்ன நிச்சயம்? அவன் உதடுகள் இறுக மூடியிருந்தன. தாடை நடுங்கியது. வாயைத் திறந்து கூப்பிட்டால் அவன் குழாயின் மறுபக்கமாக ஓடிவிடுவான். அந்தப் பக்கம் ஓடை.

தண்ணீர் அவன் முழங்காலுக்கு வந்தது. அவள் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. கையிலிருந்த மணியை அவனுக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, ஒரே ஒரு தடவை அடித்தாள்.

கிரிங்... டொக்.

அவன் அந்த நசுங்கிய மூடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் மூடியைப் பார்த்தான். பிறகு தன் மணியை எடுத்து மூன்று தடவை அடித்தான்.

வா.

அவள் பாய்ந்து போய் அவனை வாரிக்கொண்டாள். இருவரும் வெளியே வந்து விழவும், மாமாவும் பாக் அவாங்கும் மேலேயிருந்து கை கொடுத்து இழுக்கவும் சரியாக இருந்தது. சற்று நேரத்தில் அந்தக் குழாய் வாய் நிறையச் சிவப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு ஓடியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மாமா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

திரும்பும் வழியெல்லாம் தியாகு வாயைத் திறக்கவில்லை. மாமா கேட்டதற்கும் பதில் இல்லை, ஹலீமா கேட்டதற்கும் பதில் இல்லை. காடு முடிந்து, பிரம்புக் கட்டுகள் இருந்த இடம் தாண்டி, முதல் பால்மரம் வந்தது. அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தான். காடு முடிந்துவிட்டது என்று நிச்சயமானதும்தான் பேசினான்.

“அக்கா, மொதல்ல கூப்பிட்டது நீதானா?”

“நான்தான்.”

“அழுதுக்கிட்டே கூப்பிட்டியே, அது?”

“அதுவும் நான்தான்.”

“எனக்கும் ரொம்ப அழுகை வந்துச்சுக்கா. ஓடி வரணும்னுதான் இருந்துச்சு. ஆனா நீ வரக் கூடாதுன்னு சொல்லியிருந்தியே.”

சந்திரமதி சைக்கிளை நிறுத்தினாள். அப்படி ஒன்று எந்தக் காட்டிலும் இல்லை, நீ பேசாமல் வர வேண்டும் என்று நானே கட்டிவிட்ட கதை அது என்று சொன்னாள். தியாகு கோபித்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் கேட்டது வேறு.

“அப்போ நான் இப்ப பேசலாமா?”

“பேசு. எவ்வளவு வேணும்னாலும் பேசு” என்றாள்.

அவன் பேசினான். அலோர் காஜா வரை பேசினான், பஸ் முழுக்கப் பேசினான். குழாய்க்குள் ஒரு தவளை இருந்ததைப் பற்றியும், அதுவும் வாயைத் திறக்காமல் இருந்ததைப் பற்றியும், அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைப் பற்றியும் பேசினான். சந்திரமதி ஒன்றுவிடாமல் கேட்டாள். இடையில் அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது, “அப்புறம்?” என்றுகூடக் கேட்டாள்.

அன்றிரவு மாமா நீல நோட்டைத் திறந்து எழுதினார்: ‘மொத்தம் ஏழு மைல். காடி வராது. ஏற்றம் அதிகம். மழை வந்தால் ஓடைப் பக்கம் நிற்க வேண்டாம். காட்டுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், மணி அடிக்கவும்.’ அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதினார்: ‘பொய்யும் சொல்ல வேண்டாம்.’ அம்மாவிடம் முழுக் கதையையும் அவரும் சந்திரமதியும் சேர்ந்தே சொன்னார்கள். அம்மா இருவரையும் திட்டிய திட்டை இங்கே எழுத இடம் போதாது.

மூன்று வாரம் கழித்துச் சுதந்திரம் வந்தது. காஜா பேராங் முழுக்கக் கொடி, விளக்கு, கொண்டாட்டம். தெருக்கோடியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தியாகுவை, “தியாகு, சாப்பிட வாடா!” என்று அம்மா கூப்பிட்டாள். அவன் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அவன் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, சந்தேகமாக எட்டிப் பார்த்தான்.

சந்திரமதி பெருமூச்சு விட்டு எழுந்தாள். கடைக்கு முன்னால் நின்ற தன் சைக்கிள் அருகே போய் மூன்று தடவை மணி அடித்தாள். தெருக்கோடியிலிருந்து ஒரு ‘டிரிங்’ பதில் சொன்னது. அதற்குப் பின்னாலேயே, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, அவன் ஓடி வந்தான்.